அரைக்கட்டை இறக்கம்

கிளெம் ஹானிகனின் குரல் எவ்வளவு இறங்கிவிட்டது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி, அவனுடைய கிட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் ரேலீன். இன்னொருவன், பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசிக்கும் நெவ். நெவ் வாயைத் திறந்தால் சாப்பிடுவதற்கு மட்டும்தான், அதனால் அவனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கிளெம்முக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒன்பது வருஷமாக ரேலீனின் பிழைப்பு.

கிளெம்மைப் பற்றிப் பேச ஆளுக்கா பஞ்சம்? மரே ஆற்றுக்கு இந்தப் பக்கம் எந்தப் பப்பில் போய் அவன் பெயரைச் சொன்னாலும் யாராவது ஒருத்தர் பியரைக் கீழே வைத்துவிட்டு, அவன் பாட்டை முதலில் எங்கே கேட்டேன் தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவார். லாரி ஓட்டுகிறவர்கள், ஆட்டுக்கு ரோமம் வெட்டுகிறவர்கள், பெண்டாட்டி விட்டுப் போனவர்கள், விட்டுப் போன பெண்டாட்டிகள், எல்லாருக்கும் அவனிடம் ஒரு பாட்டு உண்டு. ரேலீனைப் பற்றி ஒருத்தரும் கேட்டது கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு, மறைப்பானேன். அதனால் இது அவள் கதை.

ரேலீன் டக்வெல் காசில்மெய்ன்காரி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஊரில் பன்றிக்கறி பதப்படுத்தும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கார்த் என்று ஒருத்தனைக் கட்டினாள். அவன் கிட்டார் வாசிப்பான். எந்தப் பேண்டும் அவனை ஆறு மாசத்துக்கு மேல் தாங்கவில்லை, கடைசியில் ரேலீனும் தாங்கவில்லை. போகிற அன்றைக்கு அவன் ஃப்ரிட்ஜை ஏற்றிக்கொண்டு போனான், மூன்று கிட்டாரை விட்டுவிட்டுப் போனான். ஃப்ரிட்ஜை எடுத்துக்கிட்டு கிட்டாரை விட்டுட்டுப் போறவன் என்ன பாட்டுக்காரன் என்று அவள் இன்றைக்கும் கேட்பாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

அந்த மூன்றையும் விற்றுத் தொலைக்கலாம் என்றுதான் முதலில் கையில் எடுத்தாள். ஒன்றில் கழுத்து வளைந்திருந்தது, ஒன்றில் கம்பிகளைத் தாங்கும் பாலம் பெயர்ந்திருந்தது. இப்படியே விற்றால் அடிமாட்டு விலைக்குப் போகும் என்று சரிசெய்ய உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை மேசை பட்டறையாகிவிட்டது. சுற்றுவட்டாரத்துப் பேண்டுக்காரர்கள் எல்லாரும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அவளுக்குக் காது அப்படி. ஒரு கம்பி நூலளவு விலகியிருந்தாலும் பல்லில் மணல் கடிபட்டது மாதிரி முகம் போகும். ஆனால் தானாக ஒரு பாட்டு வாசி என்றால் வாசிக்கமாட்டாள். எனக்கு எதுக்கு அது என்பாள்.

கிளெம்மிடம் வந்து சேர்ந்தது ஒரு மாட்டு எலும்பால். பெண்டிகோ ஊரில் ஒரு பப். அவள் பார்வையாளராகப் போயிருந்தாள். பாடுவதற்கு முன்னால் கிளெம்முடைய கிட்டாரின் தலைப்பக்கத்தில், கம்பிகள் படிந்து போகுமே ஒரு சின்ன எலும்புத் துண்டு, அது உடைந்துவிட்டது. அவன் மேடையில் நின்று திருதிருவென்று முழிக்கிறான். ரேலீன் எழுந்து போய் தன் காரிலிருந்து, நாய்க்கென்று கசாப்புக் கடையில் வாங்கி வைத்திருந்த எலும்பை எடுத்து, அறுத்து, அரத்தால் தேய்த்து, பப்பின் பின்கட்டில் உட்கார்ந்தே புதிதாக ஒன்று செய்து மாட்டினாள். கிளெம் ஒரு தடவை மீட்டிப் பார்த்தான்.

"உன் நாய்க்கு நான் கடன்பட்டிருக்கேன்" என்றான்.

"அதுக்கு இப்ப பட்டினி. அதை நெனச்சாவது நல்லாப் பாடு."

அடுத்த வாரமே தொழிற்சாலையில் சொல்லிவிட்டு அவனுடைய வேனில் ஏறிவிட்டாள். அவர்களுக்குள் காதல் கீதல் என்று கற்பனை பண்ண வேண்டாம். கிளெம்முக்கு இரண்டு கல்யாணம் ஆகி இரண்டும் கரைந்து போயிருந்தது, ரேலீனுக்கு ஒன்றே போதும் போதும் என்றிருந்தது. ஆனால் இருபது வருஷம் ஒரே வேனில் மழையும் புழுதியும் பார்த்தவர்களுக்கு நடுவில் என்ன இருக்குமோ அது இருந்தது. அதற்கு எனக்குப் பெயர் தெரியாது. அவன் வேன் ஜன்னலைத் திறந்தால் இவள் மூடுவாள், இவள் ரேடியோவைப் போட்டால் அவன் அணைப்பான், ஒருத்தர் இல்லாவிட்டால் இன்னொருத்தருக்குச் சாப்பாடு இறங்காது.

வேலை நேரத்தில் அவளை யாரும் பார்க்க முடியாது. மேடை ஓரத்தில் ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். கறுப்பு டீ-ஷர்ட், கழுத்தில் ஒரு சின்ன டார்ச். ஒரு பாட்டு முடிந்ததும் கிளெம் திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டுவான், அடுத்த கிட்டார் அந்தக் கையில் இருக்கும். வெளிச்சத்துக்குள் அவள் கால் பட்டதே இல்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு.

இனி அந்தக் குரல் விஷயம். கிளெம்முக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 'பேசிக்கிட்டே வா' என்கிற பாட்டு; அவர்களுக்குள் அதை ரோடு பாட்டு என்பார்கள். ராத்திரி பூரா லாரி ஓட்டுகிறவன், தூங்கிவிடாமல் இருக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பியிடம், ஏதாவது பேசிக்கொண்டே வாடா என்று கெஞ்சுகிற பாட்டு. கடைசிச் சரணத்தில் 'விடியுது' என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல்லுக்குக் குரல் உச்சிக்குப் போகும். ஜனங்கள் காசு கொடுத்து வருவதே அந்த ஒரு சொல்லுக்காக என்றுகூடச் சொல்லலாம். கிளெம்முக்கும் அது தெரியும். "அந்தச் சொல் எட்டாத அன்னைக்கு கிட்டாரை ஆணியில மாட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அடிக்கடி சொல்வான். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவன். சிகரெட்டை விடுகிறேன் என்றான், அன்றைக்கே விட்டான். தம்பியோடு பேசமாட்டேன் என்றான், அந்தத் தம்பி செத்தே போனான், பேசவில்லை. பாட்டில் வருகிற தம்பி வேறு, நிஜத் தம்பி வேறு போலிருக்கிறது.

அந்தப் பாட்டின் சுருதி ஆறு கட்டை. அவர்கள் எழுத்தால் சொல்வார்கள், நான் கட்டையிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பல்லாரட்டில், குளிர்காலத்தில் அவனுக்குச் சளி பிடித்துக்கொண்டது. மத்தியான ஒத்திகையில் 'விடியுது' வரவில்லை. கிளெம் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். அந்த முகத்தைப் பார்க்க ரேலீனுக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயந்தரம் மட்டும் என்று நினைத்து எல்லாக் கம்பியையும் அரைக்கட்டை இறக்கிவிட்டாள். நெவ்வின் காதைக் கடித்தாள். நெவ் தலையாட்டினான். மேளத்துக்குச் சுருதிக் கவலை கிடையாது. கிளெம் அதே பிடியைப் பிடித்து அதே பாட்டைப் பாடினான், சொல் எட்டியது.

மறுநாள் காலையில் முட்டையும் டோஸ்ட்டும் சாப்பிட்டுக்கொண்டே அவன் சொன்னான்: "ரே, என் குரல் போயிடுச்சுன்னு நேத்து நெனச்சேன். திரும்பி வந்துடுச்சு பாத்தியா." சொல்லும்போது கண் பளபளத்தது. அதற்கப்புறம் அந்த அரைக்கட்டையை யாரால் திரும்ப ஏற்ற முடியும்? உங்களால் முடியும் என்றால் நீங்கள் கல்.

மூன்று வருஷம் கழித்து இன்னொரு அரை. அப்புறம் இன்னொன்று. கம்பி தளர்ந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும் என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தடித்த கம்பியாக மாற்றினாள். வீட்டில் அவன் கிட்டாரைத் தொடமாட்டான், தக்காளிச் செடியோடுதான் பேச்சு. வெளியாள் யாராவது கூடச் சேர்ந்து வாசிக்க வந்தால் முன்னாலேயே போய்ப் பிடித்து, காரணம் சொல்லாமல், எந்தக் கட்டை என்று மட்டும் காதில் போட்டுவிடுவாள். ஆறு கட்டைப் பாட்டு நாலரைக்கு வந்துவிட்டது. கிளெம் தன் குரலைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

இப்படியே போயிருக்கும், வால் பர்கோயின் வராமல் இருந்திருந்தால்.

வால், அந்தப் பாட்டின் ரெக்கார்டில் பியானோ வாசித்தவன். பெயர் வால், குணமும் அதுதான். ரொம்ப காலத்துக்கு முன்பே பாட்டை விட்டுவிட்டு டாரவில்லி என்கிற கோதுமை ஊரில் உரக்கடை வைத்து உட்கார்ந்துவிட்டான். அந்த ஊர் ஹாலுக்குக் கூரை மாற்ற வேண்டும், அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளெம் வந்து பாடித் தர முடியுமா என்று கேட்டான். கிளெம் உடனே சரி என்றுவிட்டான். கடைசிப் பாட்டுக்கு நீயும் வந்து உட்கார், பழையபடி வாசிப்போம் என்றும் சொல்லிவிட்டான். ரேலீனுக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. கிட்டாரை இறக்கலாம், ஹால் பியானோவை யார் இறக்குவது?

டாரவில்லிக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக வாலைத் தேடிப் பிடித்தாள். ஹாலின் பின்பக்கம் தேநீர்க் கொதிகலன் பக்கத்தில் நின்று லாமிங்டன் கேக் தின்றுகொண்டிருந்தான்; சட்டையெல்லாம் தேங்காய்த் துருவல்.

"வா தாயே, இன்னும் அந்த வேன்லதான் குடித்தனமா?"

"வால், ஒரு உதவி பண்ணணும். ரோடு பாட்டை நீ நாலரைல வாசிக்கணும்."

"நாலரையா? அது பூரா கறுப்புக் கட்டையாச்சே. உர மூட்டை தூக்கின கை இது, தாயே. ஆறுதான் எனக்குத் தெரியும்."

"ஆறுல அவனால முடியாது வால். அவனுக்கு அது தெரியாது."

வால் மெல்லுவதை நிறுத்தினான். "பாடறவனுக்கே தெரியாதா?"

"ஒம்பது வருஷமா தெரியாது. தெரிஞ்சா நிறுத்திடுவான்."

"அடிப்பாவி" என்றான் வால், திட்டுகிற குரலில் இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டான். "சரி, நாலரை. என் வாய்லேருந்து ஒரு வார்த்தை வராது."

வாயிலிருந்து வந்திருக்காதுதான். விரல் கெடுத்துவிட்டது. ஒத்திகை ஆரம்பித்தது; ஊர்ப் பெண்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கிளெம் பாட்டை எடுத்தான். வால் நாலரையில்தான் தொடங்கினான், பாவம், இரண்டு வரி சமாளித்தான். மூன்றாவது வரியில் அவன் கை, பழக்கதோஷத்தில், ஆறுக்கு ஓடிவிட்டது. கிட்டார் ஓரிடம், பியானோ ஓரிடம். நாற்காலி போட்டவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கிளெம் சிரித்தான். "என்ன வால், எங்கயோ மாடியில போய் வாசிக்கிற. மறுபடி."

மறுபடியும் அதே இடத்தில் கை ஓடியது. இந்தத் தடவை கிளெம் சும்மா விடவில்லை. அவனுக்கு நாக்கு நீளம். "இத்தனை வருஷம் உரம் வித்ததுல காதும் போயிடுச்சாடா? போய் எல்லாருக்கும் டீ போட்டுக் குடு, அதாவது ஒழுங்கா வரும்." பெண்கள் சிரித்தார்கள். அத்தனை பேரும் வாலுடைய ஊர்க்காரர்கள், வாலுடைய கடையில் உரம் வாங்குகிறவர்கள். அவன் முகம் சிவந்து, காது சிவந்து, கழுத்துவரை சிவந்தது. ரேலீன் பால் கிரேட்டிலிருந்து எழுந்தே விட்டாள்.

"நான் இருந்த இடத்துலயேதான் இருக்கேன் கிளெம்" என்றான் வால். "ரெக்கார்டுல வாசிச்ச அதே ஆறு. நீதான் படி இறங்கிப் போயிட்ட."

சொன்ன மறுகணமே அவன் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். என்ன பிரயோஜனம்?

கிளெம் பியானோ பக்கம் போனான். ஒரு கட்டையை அழுத்தினான். தன் கம்பியை மீட்டினான். திரும்ப அழுத்தினான், திரும்ப மீட்டினான். நெவ்வைப் பார்த்தான். நெவ் தன் ஷூவைப் பார்த்தான். அதற்கப்புறம் கிளெம் மேடை ஓரத்து இருட்டைப் பார்த்தான். கிட்டாரைக் கழற்றி மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போனான். எறிந்திருந்தால்கூட ரேலீனுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

வேன் படியில் உட்கார்ந்திருந்தான். வெயில் கொளுத்தியது; பக்கத்து மரத்தில் காலாக் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"எப்பலேருந்து?"

"பல்லாரட்ல உனக்குச் சளி புடிச்சுதே, அன்னைலேருந்து."

"குரல் திரும்பி வந்துடுச்சுன்னு நான் சொன்னேனே. நீ அன்னைக்கு முட்டைக்கு உப்புப் போட்டுக்கிட்டு இருந்த."

"நீ அப்படிச் சொன்னதாலதான் என்னால சொல்ல முடியல."

"அப்ப, திரும்பி வரலை."

அவன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சின்னப் புள்ளைக்கு முக்காலி போடற மாதிரி போட்டுக்கிட்டே வந்திருக்க. நானே எட்டிப் பறிக்கிறேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டு இருந்திருக்கேன். நீயும் நெவ்வும் சிரிச்சீங்களா ரே?"

"ஒரு நாள் சிரிச்சிருந்தாலும் இந்தக் கை விளங்காம போகட்டும்."

அவன் எழுந்து நின்றபோது குரலில் சூடு இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ரோடு பாட்டு இன்னைக்கு ஆறு."

"கிளெம், வேணாம்ப்பா."

"என் கிட்டார், என் பாட்டு. ஆறு வை."

"எட்டலைன்னா?"

"எட்டலைன்னா என்ன பண்ணுவேன்னு உனக்கே தெரியும்."

ரேலீன் ஒரு கிட்டாரை எடுத்து, தடித்த கம்பிகளைக் கழற்றிவிட்டு, பழையபடி மெல்லிய கம்பி மாட்டினாள். அந்தக் கம்பியை அவள் தொட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொன்றாக ஆறுக்கு ஏற்றினாள். கொஞ்சம் குறைத்து வைக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். அரைக்கட்டை குறைத்தாலும் அவனுக்கு அது பெரிய உதவி. ஆனால் அவன் வாயைத் திறந்து கேட்டுவிட்டான். கேட்ட பிறகும் வேறொன்றைக் கொடுத்தால் இத்தனை வருஷம் செய்ததற்கும் அர்த்தம் மாறிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆறு என்றால் ஆறு, மயிரிழை குறையாமல் வைத்தாள். இன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேதான் வைத்தாள். வேன் இல்லாத ஒரு திங்கட்கிழமையை யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் தோன்றவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பியையும் துடைத்தாள்.

மத்தியானம் ஹால் நிறைந்துவிட்டது. கதவெல்லாம் திறந்துவைத்தும் புழுக்கம். நோட்டீஸ் தாளால் எல்லாரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். மற்றப் பாட்டுகளை எல்லாம் வழக்கமான கிட்டாரிலேயே பாடினான். கையைப் பின்னால் நீட்டினான், கொடுத்ததை வாங்கினான், ஆனால் ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. சாதாரணமாகவும் திரும்பமாட்டான், ஆனால் இன்று திரும்பாதது வேறு மாதிரி இருந்தது. கடைசியில் வால் வந்து தலையைக் குனிந்தபடி பியானோவில் உட்கார்ந்தான். ரேலீன் மெல்லிய கம்பி கிட்டாரை நீட்டினாள்.

ஆறு கட்டையில் வாலின் விரல்கள் சந்தோஷமாக ஓடின. கிளெம்முக்கு முதல் இரண்டு சரணமும் தப்பித்தது. கழுத்து நரம்பு புடைப்பது மட்டும் ஓரத்திலிருந்து தெரிந்தது. கடைசிச் சரணம் வந்தது, 'விடியுது' வந்தது, குரல் வரவில்லை. உடைந்துகூடப் போகவில்லை, வெறும் காற்று வந்தது. பின்வரிசையில் ஒரு நல்ல மனுஷன் அவனுக்காக அந்தச் சொல்லைத் தானே பாடிக் கொடுத்தான். அது இன்னும் கொடுமையாக இருந்தது. கிளெம் கையை உயர்த்தினான். பாட்டு நின்றது.

ஹாலில் விசிறிகள்கூட நின்றுவிட்டன. கிளெம் கிட்டாரைக் கழற்றினான். ரேலீன் கிரேட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் பக்கம் நடந்து வந்து கிட்டாரை நீட்டினான்.

"இதை வச்சுடு. அந்த இன்னொண்ணைக் கொண்டா."

அவள் எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நீ கொண்டா, இங்க."

"வெளிச்சத்துக்கு நான் வரமாட்டேன் கிளெம், உனக்கே தெரியும்."

"வா, ரே."

வந்தாள். முழங்காலில் புழுதி, கழுத்தில் டார்ச், கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேடை நடுவில் நின்றாள். கிளெம் மைக் பக்கம் திரும்பினான்.

"இவ பேரு ரேலீன். ஒம்பது வருஷமா எனக்குத் தெரியாம என் கிட்டாரை இறக்கிக்கிட்டே வந்திருக்கா. என் தொண்டை எங்கெங்க போச்சோ அங்கெல்லாம் கிட்டாரைக் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்திருக்கா. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். தெரிஞ்சதுலேருந்து இவமேல கோவமா இருக்கேன். இன்னும் போகலை."

யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். வால் பியானோவில் முகத்தை மறைத்துக்கொண்டான். கிளெம் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவளிடம் சொன்னான்: "என் தொண்டை இப்ப எங்க உட்காருதுன்னு நான் முனகறேன். நீ அங்க வை."

அவன் கண்ணை மூடி முனகினான். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து கம்பி முறுக்கும் ஆணியில் கை வைத்தாள். இத்தனை வருஷம் அவன் தொண்டை எங்கே இருக்கிறது என்று ஓரத்திலிருந்து உளவு பார்த்துத்தான் வைத்திருக்கிறாள். அவனாகச் சொல்லி வைத்ததே இல்லை. நாலரையில்தான் வந்து நிற்கும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. முனகல் அதற்கும் கீழே இருந்தது. அவள் தயங்கிப் பார்த்தாள்.

"இன்னும்" என்றான் கண்ணைத் திறக்காமல்.

இன்னும் இறக்கினாள். கம்பியும் குரலும் ஓரிடத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. நாலு. அப்படியென்றால் இந்த ஒரு வருஷமாக, ஒன்றரை வருஷமாக, தினமும் அவன் எட்டி எட்டிப் பாடிக்கொண்டிருந்திருக்கிறான், அவளிடம் சொல்லாமல். ரேலீனுக்கு அங்கேயே, அத்தனை ஜனத்துக்கு நடுவில், அழுகை வந்துவிட்டது.

"நாலா?" என்றான் வால் பியானோவிலிருந்து. "கடவுள் இருக்கான். அதுல ஒரே ஒரு கறுப்புக் கட்டைதான்."

முதலிலிருந்து பாடினான். பழைய ரெக்கார்டில் கேட்ட குரல் இல்லை அது. கட்டையான, கொஞ்சம் கரகரப்பான, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற குரல். 'விடியுது' வந்தது. உச்சியெல்லாம் இல்லை, சாதாரணமாக ஒரு மனுஷன் ஜன்னலைப் பார்த்துச் சொல்கிற மாதிரி வந்தது. முன்வரிசையில் லாரிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரேலீன் இருட்டுக்குத் திரும்பிப் போக மறந்து கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். போ என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஊர்ப் பெண்கள் கட்டிக்கொடுத்த கேக்கோடு வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கிளெம் வந்து ஸ்பீக்கர் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். இருபது வருஷத்தில் அவன் ஒரு துரும்பைத் தூக்கியது கிடையாது.

"முதுகு புடிச்சுக்கும், விடு" என்றாள்.

"அந்தக் கடைசி அரையை ஏன் இறக்காம வச்சிருந்த? எட்டலைன்னு உன் காதுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?"

"சந்தேகமா இருந்துச்சு. இறக்கினா உன் கைக்குத் தெரிஞ்சுடும்னு பயம். தெரிஞ்சா நிறுத்திடுவ." பெட்டியை உள்ளே தள்ளினாள். "நீ நிறுத்திட்டா எனக்குப் போறதுக்கு இடம் இல்ல கிளெம்."

அவன் வேன் கதவைச் சாத்தப் போனவன், சாத்தாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"நீ ஏன் சொல்லல, கஷ்டமா இருக்குன்னு?" என்று அவள் கேட்டாள்.

"சொன்னா நீ நிறுத்தச் சொல்லிடுவியோன்னு."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவள்தான் முதலில் சிரித்தாள். அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஸ்வான் ஹில் கச்சேரி என்னைக்கு?" என்றான்.

"வியாழக்கிழமை."

"நாலுலேயே வை. அதுவும் முடியாம போச்சுன்னா நான் சொல்றேன். நீ இறக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டு ரேலீன் ஓட்டுகிற பக்கம் ஏறினாள்.